நித்தியகல்யாணியிலிருந்து கிடைத்த புற்றுநோய் மருந்துகள்

நித்தியகல்யாணி ஆண்டு முழுவதும் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் பூக்கும் சிறு செடி ஆகும். சுடுகாட்டு மல்லி என்ற பெயரும் இதற்கு உண்டு. தாயகம் மடகாஸ்கர் தீவு. திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காடு ஏரியோர மீனவக் குப்பங்கள் போன்ற மணற்பாங்கான கடலோர ஊர்களில் இது எளிதாக வளரும். ஆடுகள் பொதுவாக இதை மேய்வதில்லை. இலையின் கசப்பே காரணம். அந்தக் கசப்பைத் தரும் அல்கலாய்டுகள் எனும் வேதிப்பொருள்களில் இரண்டுதான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்துகள்.

கண்டுபிடிப்பு

தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. ஜமைக்காவில் நீரிழிவுக்கு இந்த இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கும் வழக்கம் இருந்தது. 1952இல் அங்கிருந்து வந்த இலைகளைக் கனடாவின் மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இரத்தச் சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசியாகச் செலுத்தியபோது எலிகள் சில நாட்களில் தொற்று நோயால் இறந்தன. சோதனை தோற்றது என்று அத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் எலிகளின் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருந்தது கவனிக்கப்பட்டது. வெள்ளணுக்களைக் குறைக்கும் பொருள், அவை கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு உதவுமல்லவா? நோபிளும் வேதியியலாளர் சார்லஸ் பீரும் அப்பொருளைப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தனர். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கார்டன் ஸ்வபோடா குழுவினரும் இச்செடியை ஆராய்ந்தனர். அவர்கள் பிரித்த வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

செயல்படும் விதம்

ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்வது கதிர்க்கோல் இழைகள். அவை டியூபுலின் என்னும் புரதத் துண்டுகள் கோத்து உருவாகும் நுண்குழல்கள். இம்மருந்துகள் டியூபுலினோடு ஒட்டிக்கொண்டு அந்தக் கோப்பைத் தடுக்கின்றன. பிரிய முடியாத உயிரணு பாதியில் நின்று மடிகிறது. வேகமாகப் பிரியும் எதுவும் இதில் அகப்படும் என்பதால் எலும்பு மச்சையும் பாதிக்கப்படுகிறது. இரு மருந்துகளின் மூலக்கூறு வேறுபாடு மிகச் சிறியது. எனினும் வின்பிளாஸ்டின் வெள்ளணுக்களை அதிகம் குறைக்கும், வின்கிரிஸ்டின் நரம்புகளைத் தாக்கி விரல் மரத்துப்போகச் செய்யும்.

சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ் ஆகியவை 1980களில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குப் பின்பற்றத் தொடங்கிய பொதுவான சிகிச்சை முறையிலும் வின்கிரிஸ்டின் இடம்பெற்றது.

இலையும் மருந்தும்

ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். பெரியவர் ஒருவருக்கு ஒருமுறை செலுத்தும் 10 மில்லிகிராமுக்கே 5 கிலோ இலை என்று கணக்காகிறது. அதுவும் தூய்மைப்படுத்தி, உடல் அளவு பார்த்து, சிரை வழியே செலுத்தப்படுகிறது. வீட்டில் காய்ச்சும் கசாயத்தில் எந்த அல்கலாய்டு எவ்வளவு இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நீரிழிவுக்கோ புற்றுநோய்க்கோ அதைக் குடிப்பது நஞ்சாக முடியலாம்.

தூத்துக்குடி, இராமநாதபுரம் போன்ற வறண்ட மாவட்டங்களில் இச்செடி ஏற்றுமதிக்காகவும் பயிரிடப்படுகிறது. இலையை நம்பியிருக்கும் நிலையை மாற்ற, மரபணு மாற்றிய ஈஸ்ட்டில் வின்பிளாஸ்டினுக்கான மூலப்பொருள்களை உண்டாக்கி, அவற்றை ஆய்வகத்தில் இணைத்து மருந்தாக்கும் முறை 2022இல் வெளியிடப்பட்டது.