மணியின் இடது முன்னங்கால்: எடுப்பதா, காத்திருப்பதா?

நாயின் காலை எடுத்துடணும் என்று டாக்டர் சொன்ன அன்று ராத்திரி, நான் போனில் தேடிய முதல் கேள்வி "மூணு கால் நாய் நடக்குமா?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு. அது புரிய எனக்கு மூன்று வாரம் ஆச்சு. அந்த மூன்று வாரமும் கஷ்டப்பட்டது நான் இல்லை, மணி. இதே நிலையில் இருக்கிற யாருக்காவது உதவட்டும் என்று இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருவொற்றியூரில், எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து ரெண்டு தெரு உள்ளே. இந்தப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். நடுவில் கிடைக்கிற சந்தில் பைக்குகள் புகுந்து புகுந்து போகும். அன்று தண்ணி லாரி வந்த அவசரத்தில் குடத்தோடு ஓடினேன், கேட்டைச் சாத்தவில்லை. மணி எங்க நாட்டு நாய். ஐந்து வயசு, 18 கிலோ. சாலை வரை போய்விட்டான். ஒரு பைக் அவன் இடது தோளில் மோதித் தூக்கிப் போட்டது.

பக்கத்து கிளினிக் ஒன்றில் எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு உடையலை, உள்காயம்தான். பத்து நாள்ல ஊனுவான்" என்றார்கள். எலும்பு உடையவில்லை என்பது உண்மைதான். ஆனால் கால் ஈரத்துணி மாதிரி தொங்கியது. பாதத்தின் மேல்பக்கம் தரையில் இழுபட்டு தோல் உரிந்தது. இடது கண்ணும் சிறுத்து, ஓரத்தில் சவ்வு ஏறியிருந்தது. ரோட்டுப் புழுதி என்று நினைத்து சொட்டு மருந்து விட்டேன். காலுக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பத்து நாள் கழித்து ஆட்டோ பிடித்து வேப்பேரி போனோம். 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. அங்கே டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்க்கும் முன்பே மூன்று விஷயம் செய்தார்.

முதலில் விரலை இடுக்கியால் அழுத்தினார். மணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கால் சுருங்குவது வேறு, வலி மூளைக்குப் போவது வேறு. நாய் தலையைத் திருப்பணும், கத்தணும், கடிக்க வரணும். அதுதான் உணர்ச்சி இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

அடுத்து முதுகுத் தோலை லேசாகக் கிள்ளினார். ஈ உட்கார்ந்தால் சிலிர்க்குமே, அந்தச் சிலிர்ப்பு ரெண்டு பக்கமும் வரணும். மணிக்கு வலப்பக்கம் மட்டும் வந்தது.

மூன்றாவது, கண்ணைப் பார்த்தார். இடது கண்மணி சுருங்கியிருந்தது. கண்மணியை விரிக்கும் நரம்பு நேராக மூளையிலிருந்து கண்ணுக்குப் போவதில்லை. தண்டுவடம் வழியாக மார்பின் மேல்பகுதி வரை இறங்கி, அங்கே வெளியே வந்து, கழுத்து வழியாக மறுபடி மேலே ஏறுகிறது. முன்னங்கால் நரம்புகளும் கழுத்தின் கீழ்ப்பகுதியிலும் மார்பின் தொடக்கத்திலும்தான் கிளம்புகின்றன. கால் செயலிழந்து, அதே பக்கக் கண்ணும் சுருங்கினால், அடி காலில் இல்லை, நரம்பு கிளம்பும் வேரில் என்று அர்த்தம்.

வயரிங் வேலை தெரிந்தவங்களுக்கு இப்படிச் சொல்லலாம். வயர் நடுவில் நசுங்கியிருந்தால் சரியாக வாய்ப்பு உண்டு. நசுங்கிய நரம்பு ஒரு நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர் வளரும், அதனால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கலாம். ஆனால் போர்டிலிருந்தே வயர் பிடுங்கி வந்துவிட்டால்? தண்டுவடத்திலிருந்து பிய்ந்த வேர் திரும்ப ஒட்டாது. மணிக்கு நடந்தது இதுதான்.

"எடுத்துடறது அவனுக்கு நல்லது" என்றார் டாக்டர். நான் "கொஞ்சம் பார்க்கலாம் சார்" என்றேன்.

எதைப் பார்க்க? இப்போது யோசித்தால், காலில் உணர்ச்சி வருமா என்று நான் காத்திருக்கவில்லை. கேட்டைத் திறந்து விட்டது நான். அந்தத் தப்பு தினமும் மூணு காலில் என் முன்னால் நடந்து வருவதைப் பார்க்கிற தைரியம் இல்லாமல்தான் தள்ளிப் போட்டேன். அம்மாவும் "வாயில்லா ஜீவனை ஊனமாக்கணுமாடா?" என்று அழுதாங்க. பக்கத்து வீட்டு அக்கா, "ஊசி போட்டு அனுப்பிடு, புண்ணியமா போவும்" என்றார்.

மூன்றாவது வாரம் ஒரு காலை, பாயெல்லாம் ரத்தம். தன் காலிலேயே ரெண்டு விரலை மணி கடித்துத் தின்றிருந்தான். நரம்பு அறுந்த காலில் வெளி வலி தெரியாது. ஆனால் அறுந்த இடத்திலிருந்து குறுகுறுப்பும் எரிச்சலும் வரலாம். அது எங்கிருந்து வருகிறது என்று நாய்க்குப் புரியாது. காலைக் கடிக்கும்.

அன்றுதான் என் கேள்வி மாறியது. "கால் இல்லாமல் என்ன செய்வான்?" இல்லை, "இந்தக் கால் இருப்பதால் அவனுக்கு என்ன ஆகிறது?" மணி ஏற்கெனவே மூணு காலில்தான் நடந்துகொண்டிருந்தான். நாலாவது கால் அவனுக்குச் சுமை, இழுபடுகிற புண்.

முடிவெடுத்த பிறகும் உடனே செய்ய முடியவில்லை. ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் குறைவு. உண்ணியால் வரும் எர்லிக்கியா காய்ச்சல், நம்ம ஊர் நாய்களுக்குச் சாதாரணமாக வருவது. பிளேட்லெட் குறைந்தால் ரத்தம் உறையாது, கத்தி வைப்பது ஆபத்து. டாக்ஸிசைக்ளின் மாத்திரை, கழுத்தில் புனல் மாதிரி பிளாஸ்டிக் காலர், இன்னும் ரெண்டு வாரம். நான் முன்பே சம்மதித்திருந்தால் இந்த ரெண்டு வாரம் விரல்கள் போவதற்கு முன்னாலேயே முடிந்திருக்கும்.

காலைத் தோள்பட்டையோடு எடுத்தார்கள். "கொஞ்சம் மிச்சம் வைக்கக் கூடாதா?" என்று அம்மா கேட்டாங்க. மிச்சம் வைத்த துண்டு அசையும், தரையில் இடிபடும், ஓயாமல் புண்ணாகும். உணர்ச்சி இல்லாத துண்டு என்றால் கேட்கவே வேண்டாம். செயற்கைக் கால் பொருத்துவதாக இருந்தால் துண்டு வேண்டும், அதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே பேசணும். ஜெய்ப்பூரில் தபேஷ் மாத்தூர் என்ற கால்நடை மருத்துவர் மாடுகளுக்கு 'கிருஷ்ணா லிம்ப்' என்ற செயற்கைக் காலைப் பொருத்துகிறார். மாட்டின் எடைக்கு மூணு கால் தாங்குவது கஷ்டம். நாய்க்குப் பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை.

நாயின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில் இருக்கிறது. அதனால் பின்னங்கால் போவதைவிட முன்னங்கால் போனால் பழகுவது கொஞ்சம் சிரமம். ஆனாலும் பழகுகின்றன. அமெரிக்காவில் கால் எடுக்கப்பட்ட 64 நாய்களின் உரிமையாளர்களிடம் விசாரித்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. 88 சதவீதம் பேர் தங்கள் நாய் பழைய வாழ்க்கைக்கு முழுசாகவோ கிட்டத்தட்ட முழுசாகவோ திரும்பியது என்றார்கள். 86 சதவீதம் பேர் மறுபடியும் இதே முடிவைத்தான் எடுப்போம் என்றார்கள். எடை கூடின நாய்களுக்குத்தான் வாழ்க்கை அவ்வளவு நன்றாக இல்லை.

எல்லா நாய்க்கும் இது பொருந்தாது. மற்ற கால்களில் மூட்டு தேய்ந்திருந்தால், இடுப்பு கெட்டிருந்தால், முதுகெலும்பில் அடி இருந்தால் கணக்கு வேறு. அதனால் சம்மதிக்கும் முன் டாக்டரிடம் இதையெல்லாம் கேளுங்க:

- காலில் ஆழமான வலி உணர்ச்சி இருக்கிறதா? எப்படிச் சோதித்தீங்க?
- பிரச்சினை எலும்பிலா, நரம்பிலா? நரம்பு என்றால் நசுங்கியதா, வேரோடு பிய்ந்ததா?
- காத்திருந்தால் எத்தனை வாரம், எந்த மாற்றத்தை எதிர்பார்த்து?
- மீதி மூணு காலும் முதுகும் எடையைத் தாங்குமா?
- ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் எவ்வளவு?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். காத்திருப்பது தப்பில்லை. ஆனால் தேதி குறிக்காமல் காத்திருக்காதீங்க. காத்திருக்கும் நாளெல்லாம் பாதத்துக்கு உறை போடுங்க, கடிக்க விடாதீங்க. வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், ஐப்யூப்ரோஃபென் எதையும் நீங்களாகக் கொடுக்காதீங்க, நாய்க்கு அது விஷமாகலாம்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் மணி எழுந்து நின்றான். டைல்ஸ் தரையில் வழுக்கியதால் வீடு முழுக்க சாக்கும் ரப்பர் பாயும் விரித்தோம். வயிற்றுக்குக் கீழே துண்டு கொடுத்து நாலு நாள் தாங்கினேன், ஐந்தாம் நாள் துண்டை உதறிவிட்டான். பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். அம்மா போடும் மீன்தலைச் சோற்றை மட்டும் பாதியாகக் குறைத்தோம், எடை ஏறக் கூடாது. அதில்தான் அவனுக்கு இன்னும் கோபம்.

கேட்டுக்கு தானாகச் சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங் போட்டாச்சு. தண்ணி லாரி ஹாரன் கேட்டால் இப்போதும் மணிதான் முதலில் கேட்டுக்கு ஓடுகிறான், நான் குடத்தைத் தேடுவதற்குள்.