கழிவுநீரின் கதை – 9: ஒன்றுக்கு மூன்று

கான்பூரின் கிழக்குக் கோடியில், கங்கைக் கரையை ஒட்டி இருக்கிறது ஜாஜ்மாவ். தோல் பதனிடும் டேனரிகள் நெருக்கியடித்து நிற்கும் பேட்டை. 1987 செப்டம்பரில், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த டேனரிகளுக்கு உத்தரவு போட்டது: முதல்நிலைச் சுத்திகரிப்பாவது செய்யுங்கள், இல்லையேல் கதவைச் சாத்துங்கள். செலவுக்கு வழியில்லை என்ற வாதம் எடுபடவில்லை. குறைந்தபட்சக் கூலி கொடுக்க வக்கில்லாத தொழிலை நடத்தவிட முடியாது. அதே நியாயம்தான் இதற்கும் என்று எழுதினார் நீதிபதி ஈ.எஸ். வெங்கடராமையா.

முதல்நிலை என்றால் சதைத் துணுக்கு, முடி, சுண்ணாம்பு வண்டலை வடித்துவிட்டு அனுப்புவது. அதற்குப் பிறகு? கங்கைச் செயல் திட்டத்தின் கீழ், நெதர்லாந்து உதவியோடு 1994-ல் அங்கே ஒரு நிலையம் ஓடத் தொடங்கியது. நாளொன்றுக்கு 3.6 கோடி லிட்டர் தண்ணீரைக் கையாளும். அதில் 90 லட்சம் லிட்டர் டேனரிக் கழிவு, மீதி 2.7 கோடி லிட்டர் நகரத்து வீட்டுச் சாக்கடை. ஒன்றுக்கு மூன்று.

ஏன் இந்தக் கலவை? காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள்தான் அந்தத் தொட்டிகளில் வேலைக்காரர்கள். கழிவுநீர் அடியிலிருந்து மேலேறும். வழியில் வண்டல் படுகையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று மீத்தேன் வாயுவாக மாற்றும். காற்று ஊத வேண்டாம், அதனால் மின்சாரச் செலவு குறைவு. ஆனால் டேனரித் தண்ணீரை மட்டும் விட்டால் உப்பும் சல்பைடும் அவற்றைத் திணறடித்துவிடும். வீட்டுச் சாக்கடை சேர்ந்தால் விஷத்தின் வீரியம் தணியும். காகிதத்தில் அழகான கணக்கு.

ஆனால் தோல் பதனிடப் போடும் குரோமியத்தை நுண்ணுயிர் தின்னாது. இதுதான் சங்கதி. மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றினாலும் குரோமியம் ஒரு கிராம்கூடக் குறையாது. பெரும்பகுதி வண்டலில் போய்ப் படிந்துவிடும். வயலுக்கு எருவாகியிருக்க வேண்டிய வண்டல், காவல் போட்டு வைக்கவேண்டிய அபாயக் கழிவாகிவிட்டது. உப்போ, எங்கும் தங்காமல் நீரோடு வெளியேறியது. டேனரிக் கழிவில் வந்த சல்பேட் இன்னொரு கூத்து செய்தது: அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் மீத்தேன் தருபவற்றோடு போட்டி போட்டு, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடைக் கக்கின. இரும்பையும் கான்கிரீட்டையும் அரிக்கும் வாயு அது. நிலையத்திலிருந்து வெளிவந்த தண்ணீர் சுற்றுக் கிராமங்களின் பாசனத்துக்குப் போனது. அந்த வயல்களின் மண்ணில் குரோமியம் ஏறியதைப் பின்னாளில் ஆய்வுகள் காட்டின.

குரோமியத்தைப் பிடிக்க வேண்டிய இடம் நிலையத்துக்கு வெகு முன்னாலேயே, டேனரியில் தோலைப் பதனிடும் டிரம் அருகிலேயே இருக்கிறது. வழக்கமான முறையில் போட்ட குரோம் உப்பில் அறுபது, எழுபது விழுக்காட்டைத்தான் தோல் ஏற்றுக்கொள்ளும். மிச்சம் டிரம்மில் நிற்கும் பச்சைத் தண்ணீரில் இருக்கும். டேனரி செலவழிக்கும் மொத்தத் தண்ணீரில் அது சிறு பங்குதான். அதைத் தனிக் குழாயில் பிடித்து மெக்னீசியம் ஆக்சைடு போட்டால், குரோமியம் ஹைட்ராக்சைடாக அடியில் படியும். தெளிந்த நீரை வடித்துவிட்டு, படிவைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடியும் பதனிடும் உப்பு தயார். காசு கொடுத்து வாங்கிய சரக்கு திரும்பக் கைக்கு வருகிறது. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு இதெல்லாம் பழகிய வித்தை. அதே பச்சைத் தண்ணீரை மற்ற கழுவல் நீரோடு ஒரே வாய்க்காலில் விட்டுவிட்டால் கதை முடிந்தது. சாம்பாரில் கரைந்த உப்பை யார் திரும்ப எடுப்பது?

சிறு டேனரிக்காரர்கள் பலருக்குத் தனிக் குழாய் போட இடமும் இல்லை, கண்காணிக்க ஆளும் இல்லை. அவர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. வாசலிலேயே பிரித்து வாங்கும் ஏற்பாட்டை உறுதி செய்யாமல், கடைசியில் கலந்து சரிக்கட்டிவிடலாம் என்று நம்பிய திட்டத்துக்குத்தான் முதல் பொறுப்பு.

அந்தக் கணக்கு தோற்றதற்கு அரசே சாட்சி. டேனரிக் கழிவுக்கென்றே நாளொன்றுக்கு 2 கோடி லிட்டர் கொள்ளளவில் தனி நிலையம் ஜாஜ்மாவில் கட்டப்பட்டது. குரோமியத்தை மீட்கும் பிரிவும் அந்தத் திட்டத்திலேயே சேர்க்கப்பட்டது.

உங்கள் ஊரில் பாதாளச் சாக்கடை வருகிறதா? முலாம் பூசும் பட்டறையின் தண்ணீரும் சாயப்பட்டறையின் தண்ணீரும் எந்தக் குழாயில் இறங்கப்போகின்றன என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். குழி தோண்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

(தொடரும்)