வக்கீலின் கையெழுத்தும் பக்கத்துக் கைநாட்டும்

பினாங்கு ஸ்திரீட்டில் வட்டிக்கடை நடத்திய குடும்பங்களின் பழைய தகரப் பெட்டிகளில் புரோ நோட்டு, அடமானப் பத்திரம், பவர் பத்திரம் என்று கட்டுக் கட்டாகக் காகிதம் இருக்கும். நகரத்தார் கடைகளில் சுமார் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஏஜெண்ட் மாறுவது வழக்கம். மாறும்போதெல்லாம் ஊரிலுள்ள முதலாளி புதியவர் பெயருக்குப் பவர் எழுதித் தரவேண்டும். வக்கீல் ஆபீஸ் படி ஏறாமல் தொழில் நடக்காது. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் கிளை வைத்திருந்தால் அங்குள்ள வக்கீல்களின் தாள்களும் கட்டில் சேர்ந்துவிடும்.

குப்பை என்று ஒதுக்கப்பட்ட இந்தத் தாள்களை இன்று சிலர் தேடி வாங்குகிறார்கள். பின்னாளில் தலைவர்களான வக்கீல்களின் கையெழுத்து அவற்றில் இருக்கக்கூடும் என்பதே காரணம்.

லீ குவான் யூவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1951இல் சிங்கப்பூர் வழக்கறிஞராகப் பதிவு பெற்று, 'லேகாக் அண்ட் ஓங்' நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1952இல் தபால்காரர் வேலைநிறுத்தத்தில் தொழிற்சங்கத்துக்கு ஆலோசகராக இருந்தது அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 1955இல் மனைவி, தம்பியுடன் 'லீ அண்ட் லீ' தொடங்கினார். 1959இல் பிரதமர். வக்கீலாக அவர் கையெழுத்திட்ட காலம் பத்தாண்டுகூட இல்லை.

ஆனால், நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாள் எல்லாம் அவர் கையெழுத்துத் தாள் ஆகிவிடாது. வக்கீல் கடிதங்களில் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரைத்தான் கையெழுத்தாகப் போடுவார்கள். சாட்சியாக நின்று ஒருவர் தம் பெயரிலேயே ஒப்பமிட்ட இடம்தான் கெட்டி. தேதியையும் ஒட்டியுள்ள தலையையும் ஒப்பிட வேண்டும். கப்பல், தோணிப் படங்களோடு எலிசபெத் ராணி தலை போட்ட சிங்கப்பூர்த் தபால்தலை வரிசை 1955இல்தான் வந்தது. 1952ஆம் ஆண்டுப் பத்திரத்தில் அது ஒட்டியிருந்தால், யாரோ பின்னால் கைவைத்திருக்கிறார்கள்!

வேதனையான விஷயம் வேறு. கையெழுத்து மட்டும் போதும் என்று தாளைக் கத்தரித்து விற்பவர்கள் உண்டு. தலை சேர்ப்பவர் தலையைக் கிழித்துக்கொள்வார். மிச்சம் குப்பைக்குப் போகும்.

அந்த மிச்சத்தில் யார் இருக்கிறார்? எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், பத்திரத்தைத் தமிழில் படித்துப் பொருள் சொன்ன பிறகே வைத்தார் என்று அடியில் ஒரு வாசகம் இருக்கும். பொருள் சொன்னவரின் பெயரும் இருக்கும். கைநாட்டுக்காரரின் தகப்பன் பெயர், தொழில், குடியிருந்த தெரு என்று வேறு எந்த ஏட்டிலும் ஏறாத விவரங்கள் அங்கே கிடைக்கலாம். லீயைப் பற்றி நூலகம் நூலகமாகப் புத்தகம் இருக்கிறது. கைநாட்டு வைத்தவருக்கு அந்த ஒரு தாள்தான்.

1-1-2000 முதல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபின் ஜார்ஜ்டவுனில் எத்தனையோ கடைவீடுகள் கைமாறிவிட்டன. உங்கள் வீட்டுப் பெட்டி இன்னும் இருந்தால், விற்கும் முன் நிலப் பட்டா, கிராண்ட் எதுவும் உள்ளே இல்லையா என்று வக்கீலிடம் காட்டிவிடுங்கள். தாளுக்கு லேமினேஷன் வேண்டாம், செலோடேப் வேண்டவே வேண்டாம். இரண்டும் காலப்போக்கில் தாளைக் கெடுக்கும். விற்றே ஆகவேண்டும் என்றால் முழுத் தாளாகவே கொடுங்கள். அதற்கு முன் இரு பக்கமும் படம் எடுத்து, அதிலுள்ள எல்லாப் பெயர்களையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் வாசித்துக் காட்டினால், அவர்களில் யாரோ ஒருவரை இன்னார் என்று அடையாளம் சொல்லக்கூடும்.