முத்திரையும் எடையும்

ரோமானியர் புழங்கிய வெள்ளிக்காசுக்குத் தினாரியஸ் என்று பெயர். கி.மு. 211 வாக்கில் வந்த இக்காசில் முதலில் ரோமா தேவியின் தலை இருந்தது. பின்னாளில் பேரரசரின் தலை இடம்பெற்றது. அகஸ்டஸ் காசு ஒன்றின் பின்புறம் அவருடைய பேரப்பிள்ளைகள் இருவர் கேடயம், ஈட்டியோடு நிற்கின்றனர். அடுத்த வாரிசு யார் என்பதை எழுத்தறியாதவரும் அதைப் பார்த்தே தெரிந்துகொண்டனர். திபேரியஸ் காசில் கையில் கிளையுடன் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள்.

அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோம ராத்தல் வெள்ளியில் 84 காசுகள் அடித்தனர். கி.பி. 64-இல் நீரோ மன்னர் அதை 96 ஆக்கினார், செம்பையும் கூட்டினார். மன்னர் தலை மட்டும் வழக்கம்போல் இருந்தது.

கோவை வட்டாரப் புதையல்களில் அகஸ்டஸ், திபேரியஸ் காசுகளே மிகுதி. நீரோவுக்குப் பிந்தைய வெள்ளிக்காசு அரிது. எடை நிறைந்த பழைய காசையே நம் நாட்டு வணிகர் விரும்பினர் என்பது அறிஞர் பலரின் கருத்து. கி.பி. 268 வாக்கில் ரோம வெள்ளிக்காசில் 5 சதவீதம்கூட வெள்ளி இல்லை.

நாமும் மூட்டையில் முத்திரை குத்துகிறோம், பொட்டலத்தில் பெயர் அச்சிடுகிறோம். உள்ளே எடையும் தரமும் சரியாக இருக்கும்வரைதான் அந்தப் பெயருக்கு மதிப்பு.