ஒல்லியானவர் எல்லாம் திடமானவரா?

உயரத்தை மீட்டரில் அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, வந்ததைக் கொண்டு எடையை வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. இந்த வாய்ப்பாட்டை 1830களில் வகுத்த பெல்ஜியப் புள்ளியியலாளர் அடோல்ஃப் கெட்டலேவுக்கு, பெருங்கூட்டத்தின் சராசரி மனிதன் எப்படியிருப்பான் என்பதே தேடல். தனி ஒருவரின் நோயைக் கணிக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. இன்றோ பல உடல் பரிசோதனைகளில் தனி ஒருவருக்கும் அந்த எண் எழுதப்படுகிறது. அதில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்ற பிரிவினையே கிடையாது. புனே மருத்துவர் யாக்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின் இருவரும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் உடம்பையே சான்றாக வைத்தார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3தான். ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. சதை போடாததாலேயே நிம்மதியாக இருக்கும் நம் ஊர் ஒல்லி உடம்புகள் கொஞ்சம் யோசிக்க வேண்டிய கணக்கு இது. பட்டினி கிடந்து இறக்கிய கிலோக்களில் தசையும் சேர்ந்தே போகிறது. எடை எந்திரம் அதையும் லாபமாகவே காட்டும்.

உடல்திறன் வேறு சங்கதி. உழைக்கும்போது இதயமும் நுரையீரலும் தசைகளுக்கு எவ்வளவு ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்கின்றன என்பது அதன் முக்கிய அளவு. அமெரிக்காவின் டல்லாஸில் ஆய்வாளர் ஸ்டீவன் பிளேரின் குழு 21,925 ஆண்களை டிரெட்மில்லில் சோதித்து, சுமார் 8 ஆண்டுகள் கவனித்தது. திறன் குறைந்த ஒல்லியர்களின் இறப்பு அபாயம், திறனுள்ள ஒல்லியர்களைவிட இரு மடங்கு இருந்தது. திறனுள்ள பருமனானவர்களைவிடவும் அதிகம். 1999இல் வந்த இந்த முடிவைப் பிடித்துக்கொண்டு, 'நடந்தால் போதும், எடை எப்படியும் இருக்கட்டும்' என்று பேசியவர்கள் உண்டு. அதற்கு வலுவான மறுப்பு ஸ்வீடனிலிருந்து வந்தது. ராணுவச் சேர்க்கைக்கு வந்த சுமார் 13 லட்சம் இளைஞர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்ததில், பருமன் ஏற ஏறத் திறனின் பாதுகாப்பு மங்கியது. திறனுள்ள பருமனானவர்களைவிடத் திறனற்ற இயல்பு எடைக்காரர்களே நீண்டநாள் வாழ்ந்தார்கள். பதினெட்டை ஒட்டிய வயதில் ஒரே ஒருமுறை அளந்த திறன், நாற்பதில் எங்கே இருந்ததோ என்று கேட்கலாம். எடைக்கும் அதே கேள்வி பொருந்துமே! ஆகவே மிகுந்த பருமன் தீங்கு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் எடை ஒரு பொருட்டே அல்ல என்ற வாதம்தான் இதில் விழுகிறது. எடை சரியாக இருந்தாலே போதும் என்ற நம்பிக்கைக்கு இதில் ஆதரவு இல்லை.

ஒல்லிக்கும் மிகுந்த பருமனுக்கும் இடைப்பட்ட பெருங்கூட்டத்துக்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து மருத்துவர் அ. ராமச்சந்திரன் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. உணவைத் திருத்தி, நடையைக் கூட்டிய பிரிவினருக்குச் சுமார் மூன்று ஆண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களின் எடை ஏறக்குறைய அப்படியே இருந்தது. எடை எந்திரத்தை மட்டும் வைத்து மதிப்பிட்டிருந்தால், முயற்சி தோற்றது என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பார்கள்.