வானுக்குள் ஒரு சிறு வீடு

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியில், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. புதிதாக இறக்கத்தான் வேண்டும் என்றில்லை. ஏ9 வீதியில் ஓடுகிற பழைய ஜப்பான் ஹயேஸ் வானையே படுத்துறங்கும் சிறு வீடாக்கலாம்.

வன்னி வெயிலுக்கு முதல் வேலை கூரை. தகரத்துக்கும் உள்பலகைக்கும் நடுவில் வெப்பத்தடுப்பு இல்லையென்றால், மாங்குளத்தில் மதியம் நிறுத்திய வானுக்குள் இருக்கவே ஏலாது.

அடுத்தது பற்றரி. ஸ்டார்ட் பண்ணும் பற்றரியில் விளக்கு, மின்விசிறி எதுவும் பூட்டாதீர்கள். அது ஒரு நொடிப்பொழுது பெரிய மின்னோட்டம் தருவதற்கென்றே செய்தது. மெல்ல மெல்ல வடிய விட்டால் பழுதாகும், காலையில் வானும் எடுபடாது. தனியாக ஒரு டீப் சைக்கிள் பற்றரி வையுங்கள். 12 வோல்ட், 100 அம்பியர் மணி ஈயப் பற்றரியில் பாதியைப் பாவித்தாலே 600 வாட் மணி கிடைக்கும். 20 வாட் மின்விசிறி இரவு 10 மணித்தியாலம் சுழல 200 போதும்.

சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தளத்திலேயே தேங்கும். அடுப்பை வெளியே மரநிழலில் மூட்டுங்கள்.

சீற்றுகளைக் கழற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள்.