யோபுவும் அவருடைய உரைகாரர்களும்

ஆவ் மாதத்தின் ஒன்பதாம் நாள் யூதர்களுக்குப் பெருந்துக்க நாள். எருசலேம் ஆலயம் இரண்டு தடவையும் இடிந்தது அந்த நாளில்தான் என்பது அவர்கள் மரபு. சுமார் 25 மணி நேரம் உண்பதில்லை, தண்ணீரும் குடிப்பதில்லை. தோல் செருப்பு போடுவதில்லை. நண்பகல் வரை தரையிலோ தாழ்வான முக்காலியிலோதான் உட்காருவார்கள். அன்று வேதம் படிப்பதும் கூடாது. படிப்பு மனத்துக்குச் சந்தோஷம் தரும், துக்க நாளில் சந்தோஷம் ஆகாது என்பது காரணம். இந்தத் தடைக்குத் தல்மூத் என்னும் பழைய யூதச் சட்ட நூல் சில விலக்குகள் தருகிறது. புலம்பல், எரேமியாவின் கசப்பான பகுதிகள், யோபு ஆகியவற்றைப் படிக்கலாம். வீட்டில் சாவு நேர்ந்து ஏழு நாள் துக்கம் காப்பவருக்கும் இதே விதிதான்.

மற்ற நாட்களில் யோபுவை அதிகம் பேர் தொடவில்லை. ஜெப ஆலயத்தில் ஆண்டு முழுதும் முறை வைத்து வாசிப்பவை மோசேயின் ஐந்து நூல்களும் தீர்க்கதரிசிகளின் சில பகுதிகளும். ரூத், எஸ்தர் போன்ற ஐந்து சிறு நூல்களுக்கும் பண்டிகைகளில் இடம் உண்டு. யோபுவுக்கு அப்படி ஒரு நாள் இல்லை. செபராது யூதர்கள் மட்டும் ஆவ் ஒன்பதில் அதைச் சபையில் வாசிக்கும் வழக்கத்தை வைத்திருந்தார்கள். கிழக்கு ஐரோப்பாவில் பையன்கள் ரஷி என்ற உரைகாரரின் விளக்கத்தோடு மோசேயின் நூல்களைப் படித்து முடித்ததும் நேரே தல்மூதுக்குப் போய்விடுவார்கள். எபிரேய வேதத்தின் மூன்றாம் பகுதியான ‘எழுத்துகள்’, யோபு இருக்கும் பகுதி, பெரும்பாலும் அலமாரியிலேயே கிடந்தது. யோபுவுக்கும் சங்கீதங்களுக்கும் நீதிமொழிகளுக்கும் தனியான இசைக்குறிகள் உண்டு. அந்தக் குறிகளைப் பாடும் முறை ஐரோப்பிய யூதர்களிடம் அற்றே போயிற்று. கீழைநாட்டுச் சமூகங்கள் சிலவற்றில்தான் தங்கியிருக்கிறது.

யோபுவின் கதை நம்மவர்களுக்கும் தெரியும். கிறித்தவர்களுக்கு அவர் யோபு, முஸ்லிம்களுக்கு அய்யூப் நபி. ஆடு மாடு, பிள்ளைகள், உடல்நலம் எல்லாம் போயும் பொறுமை காத்தவர் என்று கேட்டிருப்போம். அந்தப் பொறுமை முதல் இரண்டு அதிகாரங்களோடு சரி. மூன்றாவதில் அவர் வாய் திறந்ததும் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். பிறகு கடவுளையே வழக்குக்கு இழுக்கிறார். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள் மாறி மாறிப் பேசுகிறார்கள்: கடவுள் நியாயமானவர், ஆகவே நீ ஏதோ தவறு செய்திருக்கிறாய். இளைஞன் எலிகூவும் இடையில் நுழைகிறான். கடைசியில் கடவுள் சூறைக்காற்றிலிருந்து பேசுகிறார். யோபு கேட்ட கேள்விக்குப் பதில் தராமல் கடலையும் காட்டு விலங்குகளையும் பற்றிக் கேள்வி கேட்கிறார். முடிவில், தம் பக்கம் பேசிய நண்பர்களைக் கண்டித்து, தம்மை வழக்குக்கு இழுத்த யோபு சரியாகப் பேசினார் என்கிறார்.

உரையாசிரியர்களின் தலைவலி இங்கேதான். பக்தியாகப் பேசியவர்களுக்குத் திட்டு, ஏசியவருக்குப் பாராட்டு. இதை வைத்துக்கொண்டு மாணவனுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

தல்மூதில் பாவா பத்ரா என்னும் பகுதி இதற்காகச் சில பக்கங்களைச் செலவிடுகிறது. யோபு எந்தக் காலத்தவர் என்பதில் ஒருவர் சொன்னது இன்னொருவருக்கு ஒத்துவரவில்லை. யாக்கோபின் காலம், மோசேயின் காலம், எஸ்தரின் காலம் என்று நூற்றாண்டுகளைத் தாண்டிப் போகிறது பட்டியல். அப்படி ஓர் ஆள் பிறக்கவே இல்லை, இது உவமைக் கதை என்கிறார் ஒருவர். நான்காம் நூற்றாண்டில் பாபிலோனில் வாழ்ந்த ரவா, உலகத்தையே தீர்ப்பிலிருந்து தப்பவைக்கப் பார்த்தார் யோபு என்று கண்டிக்கிறார். அதே ரவா சற்றுத் தள்ளி, வலியில் இருக்கும் மனிதன் பேசிய பேச்சுக்கு அவனைக் குற்றம் பிடிப்பதில்லை என்ற விதியையும் யோபுவிடமிருந்தே எடுக்கிறார். இந்த இரண்டு ரவாக்களில் எவர் பின்னால் போவது என்பதுதான் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக யோபுவைப் படித்தவர்களின் கதை என்பேன்.

இடைக்கால உரைகாரர்களில் பெரும்பாலோர் முதல் ரவாவின் பின்னால் போனார்கள். பாபிலோனில் சூரா கல்விக்கூடத்தின் தலைவராயிருந்த சாதியா காவோன் (882–942) யோபுவை அரபிக்கு மொழிபெயர்த்து உரை எழுதினார். துன்பம் ஒரு சோதனை, அதற்கு மறுமையில் ஈடு உண்டு என்பது அவர் முடிவு. சாத்தான் வானதூதன் அல்ல, யோபுமேல் பொறாமைப்பட்ட ஒரு மனிதன் என்றும் துணிந்து எழுதினார். ஸ்பெயினின் ரம்பான் (1194–1270), நல்லவன் கஷ்டப்படுவதற்கு மறுபிறவியில் விடை தேடி, எலிகூவின் பேச்சில் அந்த இரகசியம் ஒளிந்திருக்கிறது என்றார். யூதர்களிடம் மறுபிறவி நம்பிக்கையா என்று வாசகர் புருவம் உயர்த்தலாம். அவர்களுடைய மறைஞான மரபில் அது உண்டு. தெற்குப் பிரான்சின் வானியலாளர் கெர்சோனிடஸ் நூலைத் தத்துவ விவாதமாகவே பிரித்துப் போட்டார். அவருடைய உரை 1477-ல் இத்தாலியின் பெராராவில் அச்சேறியது. எபிரேயத்தில் அச்சான முதல் நூல்களில் அது ஒன்று.

எல்லோரையும்விடக் குளிர்ந்த உரை, தத்துவமும் சட்டமும் எழுதிய மைமோனிடஸுடையது. ‘குழம்பியோருக்கு வழிகாட்டி’ நூலில் இரண்டு அத்தியாயங்கள் யோபுவுக்கு. அவருக்கும் இது உவமைதான். நண்பர்கள் ஆளுக்கொரு தத்துவப் பள்ளியின் வாயாகப் பேசுகிறார்கள். யோபு நல்லவர் என்று நூல் சொல்கிறதே தவிர ஞானி என்று சொல்லவில்லை என்பதை அவர் பிடித்துக்கொள்கிறார். கடவுளை அறிவதே உண்மையான இன்பம் என்று தெரிந்தபின் இழந்த செல்வமும் பிள்ளைகளும் யோபுவுக்குப் பெரிதாகப் படவில்லையாம். படிக்கும்போது எரிச்சல் வருகிறது. ஆனால் இவருடைய தம்பி தாவீது, குடும்பத்தைத் தாங்கிய வியாபாரி, இந்தியக் கடலில் கப்பலோடு மூழ்கிப்போனார். செய்தி கேட்டுச் சுமார் ஓராண்டு படுத்த படுக்கையாய்க் கிடந்ததை மைமோனிடஸே கடிதத்தில் எழுதியிருக்கிறார். துக்கம் அறியாதவர் எழுதிய உரை அல்ல அது.

இந்த உரைகளெல்லாம் மாணவன் கையில் பெரிய பக்கமாக வந்துசேர்ந்தன. 1517-ல் வெனிசில் டேனியல் பாம்பெர்க் அச்சிட்டு வெளியிட்ட பெரிய பதிப்பின் வழியில் வந்த புத்தகங்களில் மூலம் நடுவில் தடித்த எழுத்தில் இருக்கும். அரமேய மொழிபெயர்ப்பும் உரைகளும் சுற்றிலும் பொடி எழுத்தில் நெருக்கியடிக்கும். அந்தப் பொடி எழுத்துக்கு ரஷி எழுத்து என்று பேர். 11-ஆம் நூற்றாண்டு ரஷி அந்த எழுத்தில் ஒரு வரிகூட எழுதியவரில்லை; 1475-ல் அவர் உரையை அச்சிட்டவர்கள் பயன்படுத்திய அச்சு அது. 18-ஆம் நூற்றாண்டில் கலீசியாவின் அல்ட்ஷுலர் குடும்பத்துத் தந்தையும் மகனும் தந்த இரட்டை உரை பின்னால் சேர்ந்தது. ஒன்று பதவுரை, மற்றது பொழிப்புரை. யோபுவின் எபிரேயம் அவ்வளவு கடினம். இது வேறு மொழியிலிருந்து பெயர்த்த நூலாக இருக்கவேண்டும், அதனால்தான் புரியவில்லை என்று உரைகாரர் இபின் எஸ்ரா 12-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். வரிக்கு வரி உரை பார்க்காமல் அன்று யாரும் நகர முடியாது.

உரைகாரர்கள் இப்படிக் கடவுளுக்காக வாதாடிக்கொண்டிருக்க, சட்டம் ஓசைப்படாமல் யோபுவின் பக்கம் நின்றது. நோயில் கிடப்பவரிடமோ பிள்ளையைப் புதைத்தவரிடமோ யோபுவின் நண்பர்கள் பேசியதுபோல் பேசக்கூடாது. அது சொல்லால் செய்யும் கொடுமை என்று தல்மூத் தடுக்கிறது. மைமோனிடஸ் தம் சட்ட நூலில் இந்தத் தடையை அப்படியே எழுதிவைத்தார். தத்துவ நூலில் நண்பர்களின் வாதங்களை எடைபோட்ட அதே கை! துக்க வீட்டுக்குப் போனவர்கள், துக்கப்படுபவர் வாய் திறக்கும்வரை பேசக்கூடாது என்ற விதியும் யோபுவிலிருந்துதான் வந்தது. நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், யோபுதான் முதலில் பேசினார் என்பது அதற்கு ஆதாரம். நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம் சட்டமாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், இறந்தவருக்காக மகன் சொல்லும் கத்திஷ் பிரார்த்தனையின் கடைசி வரியில் வரும், உயரங்களில் சமாதானம் உண்டாக்குபவர் என்ற கருத்து பில்தாத்தின் பேச்சிலிருந்து வந்தது. பிரார்த்தனைப் புத்தகம் பில்தாத்தை மன்னித்துவிட்டது போலும்.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை புரண்டது. ஐரோப்பாவில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டபின், நீ ஏதோ தவறு செய்திருப்பாய் என்ற எலிப்பாஸின் வாதத்தை மேடையில் சொல்லப் பெரும்பாலான ஆசிரியர்களுக்கு நாக்கு எழவில்லை. 1956-ல் நியூயார்க் யெஷிவா பல்கலைக்கழகத்தில் இஸ்ரேலின் சுதந்திர நாளன்று பேசிய ரபி ஜோசப் சொலவெய்ச்சிக், ஏன் இது நடந்தது என்பது மனிதனுக்கு எட்டாத கேள்வி, இனி நான் செய்யவேண்டியது என்ன என்றுதான் யூதச் சட்டம் கேட்கிறது என்றார். நண்பர்களுக்காக வேண்டியபின்தான் யோபுவின் நிலை திரும்பியது என்பதை அவர் அழுத்திச் சொன்னார். வதைமுகாமில் உயிர்பிழைத்த எலி வீசல் நேர் எதிர்ப்பக்கம் போனார். யோபு கடைசியில் பணிந்ததை அவரால் ஏற்க முடியவில்லை. நூலின் உண்மையான முடிவு தொலைந்துபோயிருக்கவேண்டும், யோபு பணியாமலே செத்திருப்பார் என்று நினைக்கவே தமக்குப் பிடிக்கிறது என்று எழுதினார்.

அமெரிக்க ரபி ஹெரால்டு குஷ்னரின் மகன் ஆரன், சிறுவயதிலேயே முதுமை தட்டும் அரிய நோயால் 1977-ல் பதினான்கு வயதில் இறந்தான். 1981-ல் வந்த குஷ்னரின் புத்தகம் யூதரல்லாத வீடுகளிலும் பரவியது. கடவுள் சர்வ வல்லவர், கடவுள் நியாயமானவர், யோபு நல்லவர்: இந்த மூன்றையும் ஒன்றாக நம்ப முடியாது. நண்பர்கள் மூன்றாவதை விட்டார்கள், யோபு இரண்டாவதை விட்டார், குஷ்னர் முதலாவதை விட்டார். வைதிக ரபிகள் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் அந்த விடை கடைசி அதிகாரங்களின் கர்ஜனைக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை. ஆனால் மகனை இழந்த தகப்பன் எழுதிய உரை என்ற முறையில் அதற்கு வரிசையில் இடம் உண்டு.

இவர்கள் அளவுக்கு வெளியுலகம் அறியாத ஒருவரைத்தான் நான் முன்னால் வைப்பேன். ஆமோஸ் ஹக்காம். சின்ன வயது விபத்தால் பேச்சு குழறியவர், எருசலேமின் பார்வையற்றோர் நிறுவனத்தில் எளிய வேலை பார்த்தவர். வேதம் தந்தையிடம் கற்றது. 1958-ல் இஸ்ரேல் நடத்திய முதல் உலக வேத வினாவிடைப் போட்டியில் வென்று ஒரே இரவில் நாடறிந்த மனிதரானார். ‘தஅத் மிக்ரா’ என்னும் எபிரேய உரைவரிசையில் யோபுவுக்கு உரை எழுதியவர் இவரே. பழைய உரைகளையும் புதிய மொழியாராய்ச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தத்துவம் பேசாமல் வரியை விளக்கும் உரை. இஸ்ரேலில் பல வீடுகளில் இன்று யோபு இந்த உரையோடுதான் திறக்கப்படுகிறது.

படிப்பவர்களும் மாறிவிட்டார்கள். எதிரெதிரே இருவர் உட்கார்ந்து உரக்க வாசித்துச் சண்டை போட்டுப் படிக்கும் கவ்ருத்தா முறை அன்று ஆண்களுடையது. 1979-ல் நியூயார்க்கில் திரிஷா, 1988-ல் எருசலேமில் மத்தான் என்ற கல்விக்கூடங்கள் தொடங்கியபின் பெண்கள் அந்த மேசைகளில் உட்கார்ந்தார்கள். கேள்வியும் மாறியது. யோபுவின் மனைவிக்கு நூலில் பேர்கூட இல்லை. யாக்கோபின் மகள் தீனாதான் அவள் என்று பழைய மரபு ஒன்று பேர் சூட்டியதோடு சரி. மற்றபடி கடவுளைச் சபிக்கச் சொன்ன பெண் என்று ஒதுக்கிவிட்டார்கள். செத்துப்போன பத்துப் பிள்ளைகளும் அவள் பெற்றவர்கள் அல்லவா? கடைசியில் 7,000 ஆடு 14,000 ஆகிறது, 3,000 ஒட்டகம் 6,000 ஆகிறது, பிள்ளைகள் மட்டும் மறுபடி பத்துத்தான். அந்தப் பத்தையும் பெற்றவள் யார் என்று நூல் சொல்லவில்லை. கேட்கவேண்டிய கேள்விதான்.

அலமாரி கைப்பேசிக்குள் வந்துவிட்டது. 2011-ல் தொடங்கிய செபாரியா என்ற இலவச மின்நூலகத்தில் ஒரு வசனத்தைத் தொட்டால் ரஷியும் இபின் எஸ்ராவும் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள். நாளுக்கு ஓர் அதிகாரமாக வேதம் முழுவதையும் படிக்கும் ‘929’ திட்டம் 2014-ல் இஸ்ரேலில் தொடங்கியது. மதப் பற்று இல்லாதவர்களும் அதில் சேர்ந்து யோபுவுக்கு வருகிறார்கள். இதெல்லாம் நல்லதே. நஷ்டம் வேறொரு இடத்தில். அன்று பக்கம் முழுவதும் கண்ணில் பட்டதால், பிடிக்காத உரையையும் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. இன்று பிடித்ததை மட்டும் தொட்டால் போதும். யோபுவின் பக்கம் நிற்பது இப்போது மிகவும் சுலபம். நண்பர்கள் சொல்வதை முழுதாகக் கேட்பவர் குறைவு. அவர்களும் முட்டாள்கள் அல்லர். பிள்ளையை இழந்தவனிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், உலகம் ஒழுங்கானது என்று தங்களுக்கே சொல்லிக்கொண்டவர்கள்.

தமிழில் யோபுவைப் படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டாம் அதிகாரம் முடிந்ததும் 38-க்குத் தாவாதீர்கள். நடுவிலுள்ள 35 அதிகாரங்கள்தான் நூல். எதிரே ஒருவரை உட்காரவைத்து, ஒருவர் யோபுவையும் மற்றவர் நண்பர்களையும் உரக்க வாசியுங்கள், மறுநாள் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் ஆறு வாரத்தில் முடிந்துவிடும்.